அம்மாவுக்குக் கேட்காத தனிநடிப்பு

கேள்வி: கல்லூரிப் போட்டிக்கு அம்மாவின் வாழ்க்கையைத் தனிநடிப்பாக எழுதியிருக்கிறேன். கல்யாணம், அப்பாவின் மரணம், சங்கிலியை அடகு வைத்தது, என் படிப்பு எல்லாம் வருகிறது. 9 நிமிடம் ஓடுகிறது. விதிப்படி 5 நிமிடம்தான். கண்ணீர் விட்டு நடித்தும் மனதில் ஒட்டவில்லை என்கிறார்கள் நண்பர்கள். பக்கத்து அறையில் அம்மா தைத்துக்கொண்டிருப்பதால் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகுகிறேன். எப்படிச் சரிசெய்வது?

பதில்: தம்பி, அம்மாவுக்குக் கேட்காமல் பழகுகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அரங்கம் நிறைய ஆட்கள் முன்னால் சொல்லப்போவதை அம்மா காதில் போட ஏன் பயம்? அவரைக் கேட்காமலே எழுதிவிட்டீர்கள், அதனால்தான். அடகு விஷயம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று அவர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். தைத்துப் படிக்கவைத்தவரின் மானத்தை ஒரு கோப்பைக்காக மேடையேற்ற எந்தப் பிள்ளைக்கும் உரிமை கிடையாது. இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

முணுமுணுத்துப் பழகினால் நடிப்பும் கெடும். முழுக் குரலில் பேசினால்தான் மூச்சு எங்கே தீர்கிறதென்று தெரியும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் பிரதியில் ஒரு சாய்கோடு போட்டு, அங்கே மூச்சை எடுங்கள். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அது அமுங்கினால் ‘குடுத்தேன்’ என்றாரா ‘குடுக்கல’ என்றாரா என்பதே பின்வரிசைக்குத் தெரியாது. அழுதாலும் இதே கதிதான். தொண்டை இறுகும், சொல் உடையும். அழுகையை அடக்கப் பாடுபடுகிறவராக நடியுங்கள்.

ஒட்டாததற்குப் பிரதியும் காரணம். உங்கள் அம்மா யாரிடம் பேசுகிறார்? எதிரே ஆளே இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி, மாதவியிடம் கணவன் போன கதையையா சொல்கிறாள்? எதிரே பாண்டியன், கையில் ஒற்றைச் சிலம்பு, கணவன் கள்வன் அல்லன் என்று நிறுவியாக வேண்டும். நீங்களும் அடகுக்கடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாள். கடைக்காரர் தொகையைக் குறைக்கிறார். அம்மா கூட்டிக் கேட்கிறார். கல்யாணமும் அப்பாவின் மரணமும் அந்தப் பேரத்துக்குள் ஓரிரு வரியாக வந்தால் போதும். மௌனங்களையும் சேர்த்து நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்து 350 சொல்லில் முடித்தால், அரை நிமிடம் கையில் நிற்கும்.

கடைக்காரரைக் கூட்டத்தின் தலைக்குச் சற்று மேலே ஒரே புள்ளியில் நிறுத்துங்கள். பார்வை அலைந்தால் அவர் காணாமல் போய்விடுவார். அவர் பேசும் இடத்தில் இரண்டு வினாடி காதுகொடுத்துக் கேளுங்கள். ‘என்னது, இவ்வளவுதான் தருவீங்களா?’ என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது தனிநடிப்பில் அடிக்கடி நடக்கும் தப்பு. தொகை குறைந்தது, நீட்டிய சங்கிலியை அம்மா கைக்குள் இழுத்துக்கொள்வதிலேயே தெரிந்துவிடும்.

அம்மா சம்மதித்தால் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாளை அவர் எந்தப் பேச்சில் சொல்கிறாரோ அதிலேயே எழுதி, முதலில் அவரிடமே முழுக் குரலில் நடித்துக் காட்டுங்கள். அடிக்கச் சொன்ன வரியை வாதாடாமல் அடியுங்கள். முழுசாக வேண்டாம் என்றால் வேறு கதை எழுதுங்கள்.