முழங்காலை மறைக்கும் மகன்

கேள்வி: இங்கிலாந்தின் ஹல் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். என் 14 வயது மகனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது ரக்பி லீக் ஆடுகிறான். பயிற்சியாளரிடம் சிகிச்சையைப் பற்றி மூச்சே விடவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. கண்டித்தால், "கிளைவ் சலிவனும் மறைத்துத்தானே ஆடினார்" என்கிறான். அந்தப் பெயருள்ள சாலையில்தான் தினமும் போகிறேன். அவர் யாரென்றே தெரியாது. மகனைத் தடுப்பதா, விடுவதா?

பதில்: சகோதரி, உங்கள் பிள்ளை பொய் சொல்லவில்லை; கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான்.

சலிவன் 1943-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். உங்கள் மகன் வயதில் அவருக்கும் கால், பாதம், தோள் என அறுவை சிகிச்சைகள். இனி துணையின்றி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிறகு ராணுவத்தில் சேர்ந்தவரை ஒரு ரக்பி போட்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பழைய சிகிச்சையைச் சொன்னால் வேலை போய்விடும். அடிபட்டதுபோல் நடித்து வெளியேறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே களமிறங்கினார். பந்து கைக்கு வந்ததும் நினைப்பெல்லாம் மறந்து ஓடிவிட்டார்.

1961-இல் ஹல் அணி அவரைச் சோதித்துப் பார்த்தபோது பெயரையும் மறைத்தார். ரக்பியில் லீக், யூனியன் என இரண்டு வகை ஆட்டங்கள் உண்டு; லீக் ஆடியது தெரிந்தால் அந்தக் காலத்தில் யூனியனில் தடை விதித்துவிடுவார்கள். அன்று மூன்று முறை எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தார். இதைத்தான் 'ட்ரை' என்கிறார்கள். மறுநாளே ஒப்பந்தம்!

ஹல் அணிக்காக 250 ட்ரை. பிறகு அதே ஊரின் பரம எதிரியான ஹல் கே.ஆர். அணிக்காக 118. இரண்டு பக்கமும் அவரைத் தன் ஆளாகவே கொண்டாடுகிறது. பிரிட்டிஷ் தேசிய விளையாட்டு அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1972 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், பிரான்ஸின் லியோனில், தம் பாதியில் கிடைத்த பந்தோடு ஆஸ்திரேலியர்களைப் பின்னால் விட்டு ஏறக்குறைய மைதானம் முழுவதும் ஓடினார். அந்தக் காட்சியை மகனோடு உட்கார்ந்து பாருங்கள்; எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஆட்டம் 10-10 என முடிய, முந்தைய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை பிரிட்டனுக்கு வந்தது. 39 வயதிலும் ஒரு கோப்பை இறுதியில் ஆடி வென்றார். 1985-இல், 42 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அதன்பிறகுதான் நீங்கள் போகும் சாலைக்கு அவர் பெயர் வந்தது.

அம்மா, அவர் மறைத்தது பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில். உங்கள் மகனுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், ஆனால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மோதல் உள்ள பயிற்சி வேண்டாம். பயிற்சியாளரிடம் நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தலையில் அடிபட்டால் அங்கே என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இதை அடுத்த பயிற்சிக்கு முன், அவன் பூட்ஸ் மாட்டுவதற்குள் முடித்துவிடுங்கள்.