கார்டு மார்ச்சில் முடிகிறது, அக்கா கல்யாணம் ஏப்ரலில்

கேள்வி: ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். என் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு மார்ச் 31-உடன் முடிகிறது. புதுப்பிக்க, வெளிநாட்டவர் அலுவலகத்தில் மே மாதம்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரம் பாரிஸ், ரோம் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். கடைசி வாரம் அக்கா கல்யாணத்துக்குச் சென்னை வரவேண்டும். அப்பாயின்ட்மென்ட் மெயில் கையில் இருந்தாலே போதும் என்கிறார்கள் நண்பர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், நெதர்லாந்து உணவகம் ஒன்றில் வார இறுதி வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: அந்த மெயில் போதாது. அப்பாயின்ட்மென்ட் வேறு, விண்ணப்பம் வேறு. மெயிலையே விண்ணப்பமாக ஏற்கும் அலுவலகமும் உண்டு. ஆனால் அதை நம்பி நீங்கள் இருக்கக் கூடாது. ஜெர்மன் வதிவிடச் சட்டம் 81(4)-ஆம் பிரிவின்படி, கார்டு முடிவதற்குள் நீட்டிப்பு விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை அப்படியே தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தத் தொடர்ச்சி தானாக வராது. அதிகாரி மனம் வைத்தால்தான் உண்டு.

ஆகவே மார்ச் 31 வரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்புங்கள். அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்ப வசதி இருந்தால் அதில் போட்டு, ரசீதைச் சேமியுங்கள். இல்லாவிட்டால், கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாஸ்போர்ட், கார்டு இவற்றின் நகல், கல்லூரிச் சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீடு, மாதம் 992 யூரோ கணக்கில் (2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை) பண ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள். ஏதாவது ஒன்று கைவசம் இல்லை என்பதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அதைப் பிறகு தரலாம், தேதியைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தது பயணம். விண்ணப்பித்த ரசீது ஜெர்மனிக்குள் உங்களைக் காக்கும், எல்லையில் செல்லாது. அதற்கு 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற இடைக்காலச் சான்று வேண்டும், கட்டணம் 13 யூரோ. வாங்கியதும், கவுன்டரை விட்டு நகருமுன் அதன் 3-ஆம் பக்கத்தைப் பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதில், அதாவது 81(4) என்று உள்ளதில் குறி இருக்க வேண்டும். முதல் இரண்டில் இருந்தால் வெளியே போய்விட்டு அதைக் காட்டித் திரும்ப முடியாது. தவறாகக் குறித்திருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது கட்டம், முடிந்துபோன கார்டு, பாஸ்போர்ட் மூன்றும் சேர்ந்திருந்தால் பாரிஸும் ரோமும் போகலாம். மற்ற ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றுக்கும் சேர்த்து 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். போகும் நாளும் வரும் நாளும் கணக்கில் சேரும், ஜெர்மனியில் இருக்கும் நாள்கள் சேரா. அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் அடங்கா.

சென்னையிலிருந்து திரும்பும்போது நேராக ஃபிராங்ஃபர்ட் அல்லது மியூனிக்கில் இறங்குங்கள். ஜெர்மன் எல்லைப் போலீஸாருக்கு அந்தத் தாள் பழக்கம். லண்டன் வழி வேண்டாம்; அங்கே விமானம் மாறவே இந்தியர்களிடம் தனி விசா கேட்கக்கூடும், காலாவதியான கார்டு கைகொடுக்கும் என்று எண்ணாதீர்கள்.

உணவக வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற மாணவர் வேலை உரிமை ஜெர்மனிக்குள் மட்டுமே. நெதர்லாந்தில் முதலாளி உங்களுக்காகத் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 'சும்மா ஒருநாள் வந்து செய்து பாருங்கள்' என்று சம்பளமில்லாமல் கூப்பிட்டாலும் அது வேலைதான்.

சான்று ஏப்ரலுக்குள் வராதுபோல் தெரிந்தால் பாரிஸ் டிக்கெட்டை விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையையும் விமான டிக்கெட்டையும் இணைத்து, அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்டு எழுதுங்கள். பத்திரிகையில் உள்ள தேதி, இடத்தை ஜெர்மனில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் விமானம் ஏறினால், சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் புதிதாக விசா கேட்டு நிற்க வேண்டி வரும். அதற்குள் செமஸ்டர் பாதி போய்விடலாம்.