ஈரமே இல்லாத இடத்தில் கசிவு

கேள்வி: தெருவில் துளி ஈரம் இல்லை. ஆனாலும் அடியில் பெரிய குழாய் கசிகிறது என்று தோண்டுகிறார்கள். எப்படித் தெரிகிறது?

பதில்: 22 வருஷம் இந்த வேலை பார்த்தவன் நான். முதல் கருவி காதுதான். ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணி வரை ஊர் தூங்கும். அப்போதும் ஒரு பகுதிக்குப் போகும் தண்ணீரை அளக்கும் மீட்டரில் ஓட்டம் குறையாவிட்டால் அந்தப் பகுதியில் சந்தேகம். அப்புறம் வால்வின் தலையில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைப்போம். கசிவென்றால் 'உஸ்ஸ்' என்று விடாமல் சீறும். யாராவது தண்ணீர் பிடிக்கிற சத்தம் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

இடத்தைக் குறிக்க, 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணர்கருவிகள் மாட்டுகிறோம் என்று வையுங்கள். இரும்புக் குழாயில் ஒலி நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகும். ஒரு கருவிக்குச் சத்தம் 0.02 நொடி முந்தி வந்தால் வித்தியாசம் 24 மீட்டர். மீதி 76-இல் பாதி, அந்தக் கருவியிலிருந்து 38 மீட்டரில் தோண்டலாம்.

பிளாஸ்டிக் குழாய்தான் பெரும்பாடு, சத்தத்தை விழுங்கிவிடும். விட்டம் பெரிய குழாயிலும் இதே தொல்லை. அதற்கு, கேபிளில் கட்டிய ஒலிவாங்கியைக் குழாய்க்குள்ளேயே நீரோட்டத்தோடு விடுவார்கள். கசிவைக் கடக்கும்போது சத்தம் எகிறும். மேலே சாலையில் அதைத் தொடர்ந்து நடப்பவர் அங்கேயே குறி போடுவார்.