ஒரே சேர்மானம், இரண்டு கனிமங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனிமங்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். சமீபத்தில் ஒரு கண்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு நீலப் படிகங்களைப் பார்த்தேன். ஒன்றின் சீட்டில் காவன்சைட் என்றிருந்தது, மற்றதில் பென்டகோனைட். இரண்டுக்கும் கீழே ஒரே வேதியியல் வாய்பாடு. அச்சுப்பிழையா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். சேர்மானம் ஒன்றே என்றால் எதற்கு இரண்டு பெயர்? அப்புறம், உலகத்திலேயே ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லப்படும் கியாத்துவைட்டின் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். இத்தனை அரிய கனிமம் என்றால் பார்த்ததுமே தெரிய வேண்டாமா? தோற்றத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சீட்டில் பிழை இல்லை. கால்சியம், வனேடியம், சிலிக்கான், ஆக்சிஜன், கூடவே நீர் மூலக்கூறுகள்: இரண்டு படிகங்களிலும் இவை ஒரே விகிதத்தில்தான் இருக்கின்றன. ஆனால் எந்தெந்த அணுக்கள், எவ்வளவு என்பது பாதி விஷயம்தான். அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்துத்தான் ஒரு கனிமத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். வைரமும் கிராஃபைட்டும் கார்பன்தான் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கால்சைட்டும் அரகோனைட்டும் அப்படி ஒரு ஜோடி, பைரைட்டும் மார்கசைட்டும் இன்னொரு ஜோடி.

நீங்கள் பார்த்த ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் உள்ளே இருக்கும் வித்தியாசம் வெளியேயும் தெரிகிறது. ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் தன்னைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்களை வைத்துக்கொண்டு ஒரு நான்முகியாக இருக்கும். காவன்சைட்டில் இந்த நான்முகிகள் நான்கு நான்காகவும் எட்டு எட்டாகவும் கைகோத்து வளையங்கள் ஆகின்றன. பென்டகோனைட்டில் ஆறு ஆறாக. இனி வெளியே பாருங்கள். காவன்சைட் பெரும்பாலும் உருண்டைக் கொத்துகளாக வளரும். ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் நுண்ணிய படிகங்கள் கிளம்பியிருக்கும், உருண்டையின் மேற்பரப்பு முழுக்க அவற்றின் முனைகள் மினுங்கும். பென்டகோனைட்டின் படிகங்கள் பட்டையாக நீண்டு, ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தனித்தனியாக நிற்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த இடத்தில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைப்பதுண்டு. இரண்டையும் அமெரிக்காவின் ஓரிகான் மாகாணத்திலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1973இல் விவரித்தார்கள். ஆனால் கண்காட்சிகளுக்கு வரும் அழகான மாதிரிகள் பெரும்பாலும் புனேவுக்குப் பக்கத்தில் வாகோலி கல்குவாரிகளில் கிடைத்தவை. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின் பொந்துகளில், வெள்ளை ஸ்டில்பைட் படிகங்களின் மேல் அந்த நீலம் உட்கார்ந்திருக்கும்.

அந்த நீலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது வனேடியம் தரும் நிறம். வனேடியம் காவன்சைட்டின் வாய்பாட்டிலேயே இருப்பதால் நிறம் அதற்குச் சொந்தமானது. எல்லாக் கனிமங்களுக்கும் இப்படி இல்லை. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும்தான், சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. அதில் கொஞ்சம் குரோமியம் புகுந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலக்கல். வாய்பாட்டில் எழுதக்கூட வேண்டாத அளவு கலப்பு, கண்ணுக்கு மட்டும் அது முழுக்க வேறு கல். ஆகவே நிறத்தை வைத்து உள்ளே இருப்பதை ஊகித்தால் பல நேரம் ஏமாந்துதான் போவோம். 2002இல் மடகாஸ்கரில் ஆழ்ந்த இளஞ்சிவப்பில் படிகங்கள் கிடைத்தபோது அவற்றை முதலில் மரகதத்தின் இனமான சிவப்புப் பெரில் என்றே நினைத்தார்கள். சோதித்தால் உள்ளே சீசியமும் லித்தியமும். பெசோட்டைட் என்று தனிக் கனிமமாக அடுத்த வருடம் ஏற்கப்பட்டது.

தோற்றத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாதா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. 1945இல் டப்ளினில் நடந்ததைச் சொல்கிறேன். ரிச்சர்ட் டாஃப் என்ற ரத்தினவியலாளர் ஒரு நகைக்கடைக்காரரிடமிருந்து பழைய, பட்டை தீட்டிய கற்களை மொத்தமாக வாங்கிவந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் வெளிர் ஊதாவில் ஒரு கல். நிறம், அடர்த்தி எல்லாம் அதை ஸ்பைனல் என்ற ரத்தினக்கல்லாகவே காட்டின. ஆனால் லென்ஸ் வழியே பார்த்தபோது கல்லின் பின்பக்கத்தில் இருந்த கீறல்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பைனல் கனசதுர அமைப்பு கொண்டது, அதற்குள் புகும் ஒளி ஒரு கதிராகவே போகும். இரட்டையாகத் தெரிந்தால் அது ஸ்பைனலாக இருக்க முடியாது. லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். மக்னீசியம், அலுமினியத்தோடு பெரிலியமும் சேர்ந்த, அதுவரை யாரும் அறியாத கனிமம். இன்று அவர் பெயரால் டாஃபைட் என்கிறோம். ஸ்பைனல் என்று நம்பி யாரோ பட்டை தீட்டி விற்ற கல் அது. அது வேறு கல் என்று காட்டிக்கொடுத்ததும் தோற்றம்தான், ஆனால் நிறம் இல்லை. கல்லுக்குள் ஒளி எப்படிப் போகிறது, கல் எப்படி உடைகிறது, கையில் எடுத்தால் எவ்வளவு கனக்கிறது, படிகமுகங்கள் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன: அணுக்களின் அடுக்கு வெளியே தெரிவது இவற்றில்தான்.

இனி கியாத்துவைட். உங்கள் ஏமாற்றம் புரிகிறது, ஆனால் அந்தக் கல்லுக்காக நான் வாதாடியாக வேண்டும். மியான்மரின் மோகோக் பகுதியில் கிடைத்தது. 1.61 கேரட், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிஸ்மத், ஆன்டிமணி, ஆக்சிஜன், இவ்வளவுதான் சேர்மானம். அந்த இரண்டு உலோகங்களும் பூமியின் மேலோட்டில் தங்கத்தைவிட அதிகமாகவே உள்ளன. படத்தில் தெரியாத ஒரு சங்கதி, அதன் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அதே அளவு மாணிக்கத்தைப் போல இரண்டு மடங்கு எடை!

ஆக, கனிமம் அரிதாவதற்குத் தனிமம் அரிதாக இருக்க வேண்டியதில்லை. சில தனிமங்கள் சரியான விகிதத்தில், சரியான வெப்பத்தில் ஓரிடத்தில் சந்திப்பதுதான் அரிது. பெயினைட் என்ற கனிமத்தில் போரானும் சிர்க்கோனியமும் சேர்ந்திருக்கின்றன. இயற்கையில் இவை ஒரே படிகத்தில் சேர்வது மிக அபூர்வம். எல் சால்வடாரின் இசால்கோ எரிமலையில் ஃபிங்கரைட் என்று ஒன்று உண்டு. ஆவி கக்கும் துளைகளில், தாமிரமும் வனேடியமும் ஒரு குறுகிய விகிதத்துக்குள் இருந்தால்தான் உருவாகும். உருவானதும் மழை வந்தால் கரைந்துவிடும். மனிதர் அறிந்த கனிம வகைகளில் பாதிக்கும் மேற்பட்டவை உலகத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. அவற்றில் பல நுண்ணோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாதவை. இவை அழகாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அழகால் புகழ்பெற்ற கற்கள் அகழ்ந்து விற்கும் அளவுக்காவது கிடைத்தவை என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த அரிய நிலைகூட மாறலாம். பெயினைட்டும் மோகோக் கல்தான். 1950களில் ஆர்தர் பெயின் என்பவர் கண்டெடுத்தபின் பல பத்தாண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே படிகங்கள் இருந்தன. முதல் பகுப்பாய்வில் சிர்க்கோனியம் இருப்பதே தவறிப்போயிற்று. 2000க்குப் பிறகு தேடிப் போனவர்களுக்கு அதே வட்டாரத்தில் நிறையவே கிடைத்தன.

அடுத்த கண்காட்சியில் சீட்டைப் படிக்கும்போது வாய்பாட்டோடு நிறுத்தாமல் கிடைத்த இடத்தையும் பாருங்கள். எந்தப் பாறையில், எந்தச் சூழலில் அந்தத் தனிமங்கள் சந்தித்தன என்பதை அந்த ஒரு வரி மட்டும்தான் சொல்லும். மாதிரி ஏதாவது வாங்கினால் அந்தச் சீட்டைக் கல்லிலிருந்து பிரித்துவிடாதீர்கள்.