ரிப்பேருக்குக் கொடுத்த கிராமபோன்ல சவுண்ட்பாக்ஸ மாத்திட்டாங்க, அஞ்சு லட்சம் கேட்டு கேஸ் போடலாமா?

தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி நீளமா எழுதியிருக்காங்க. சுருக்கமா விஷயம் இதுதான். அவங்க ஐயா பர்மாவுல இருந்து கொண்டு வந்த ஹெச்எம்வி 102, கையில தூக்கிட்டுப் போற பெட்டி கிராமபோன், சாவி கொடுத்தா ஸ்பிரிங் வழுக்குதுன்னு காரைக்குடியில ஒருத்தர்கிட்ட ரிப்பேருக்குக் கொடுத்திருக்காங்க, கூலி 8,500 பேசி அட்வான்ஸ் 3,000. நாலு மாசம் இழுத்தடிச்ச பிறகு போய்ப் பாத்தா ஸ்பிரிங் ஓடுது, ஆனா சவுண்ட்பாக்ஸ் (ஊசி மாட்டுற, சத்தம் வர்ற பாகம்) வேற, பளபளன்னு ஒரு டூப்ளிகேட், அது மாட்டியிருக்கற கை மாதிரி குழாய், அந்த டோன் ஆர்ம்லயும் விரிசல். கேட்டதுக்கு "பழைய இரும்புக்கு இது போதாதா"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கார், பாக்கிய வைக்காம மெஷின தர மாட்டேங்கறார்.

ஆச்சி, அவர் பேசுனது, நாலு மாசம் அலைய விட்டது, ஐயா ஞாபகமா இருந்த ஒரே சாமான் அதுங்கறது, இதெல்லாம் உங்க மனசு எவ்வளவு நொந்திருக்குன்னு காட்டுது, ஆனா கேஸுக்கு இதுல ஒண்ணும் நிக்காது. நிக்கிறது ஒரே கேள்விதான்: பழைய சவுண்ட்பாக்ஸ் எங்க?

நீங்க கொடுத்தது ஸ்பிரிங் வேலைக்கு. சவுண்ட்பாக்ஸ கழட்டி மாத்தச் சொல்லல. ஒப்பந்தச் சட்டம் 1872ல பிரிவு 148ல இருந்து இந்த ஒப்படைப்பு, அதாவது ஒரு வேலைக்காகப் பொருள இன்னொருத்தர் கையில கொடுக்கறது பத்தித்தான் பேசுது, ஒரு வேலைக்காகக் கொடுத்த பொருள அந்த வேலை முடிஞ்சதும் திருப்பித் தரணும்னு 160 சொல்லுது, தராம வச்சுக்கிட்டா அதுக்கப்புறம் வர்ற இழப்புக்கு அவர்தான் பொறுப்புன்னு 161. அந்த சவுண்ட்பாக்ஸ் உங்க பொருள். அது ஓட்டையா இருந்தாலும் துருப்பிடிச்சிருந்தாலும் உங்க பொருள். எங்க போச்சுன்னு சொல்ல வேண்டியது அவர், நீங்க இல்ல.

டோன் ஆர்ம் விரிசல முன்னாடி வைக்காதீங்க. அந்தக் காலத்து வார்ப்பு சில சமயம் யாரும் தொடாமலே வெடிக்கும், "கொடுக்கும்போதே இருந்துச்சு"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிடுவார். டூப்ளிகேட்ட அழுத்தி மாட்டினதுலதான் விரிசல் வந்துச்சுன்னு காட்ட முடிஞ்சா மட்டும் 151, அதாவது தன் பொருளப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கலங்கற வாதம், அங்க வேலை செய்யும். கொடுக்கறதுக்கு முன்னாடி மெஷின் ஓடுற வீடியோவ அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினதா எழுதியிருக்கீங்க, அவரும் "சரி ஆச்சி பாத்துக்கலாம்"னு பதில் போட்டிருக்கார், அதுல பழைய சவுண்ட்பாக்ஸ் தெளிவாத் தெரிஞ்சா உங்க கேஸே அதுதான். அந்த போன மாத்தாதீங்க, அந்த சாட்ட அழிக்காதீங்க.

சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கலாம், அதுக்கு ரெண்டு வருஷ கெடு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுல நேரம் செலவு பண்ணல. நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு.

உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி இருக்கு, "அண்ணன் தம்பி யாரும் சீந்தல, பெட்டகத்துக்குள்ள கெடந்தத நாந்தான் எடுத்துட்டு வந்தேன்"னு. ஆச்சி, மொத்தக் கடிதத்துலயும் ஆபத்தான வரி அதுதான். நம்ம பக்கம் எத்தனை வீட்ல சாமான் பாகம் பிரிக்காம அப்படியே கெடக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பித்தளைக் குவளையில இருந்து பெல்ஜியம் கண்ணாடி வரைக்கும் வளவு வீட்ல பொதுவுல கெடக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு விலைய பேப்பர்ல எழுதுற வரைக்கும்தான் கேக்க மாட்டாங்க. ஒரு நோட்டீஸ்ல "அஞ்சு லட்சம் மதிப்புள்ள பரம்பரைப் பொக்கிஷம்"னு நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா அது கடைக்காரருக்கு மட்டும் போற பேப்பர் இல்ல, அவர் அத எடுத்துட்டு நேரா உங்க பங்காளி வீட்டுக்குத்தான் போவார். இப்படி ரிப்பேர் தகராறா ஆரம்பிச்சு பாகப்பிரிவினை வழக்கா முடிஞ்சத நான் பாத்திருக்கேன், அண்ணன் தங்கச்சி பேச்சுவார்த்தை நின்னு போச்சு, சாமான் கடையிலயே கெடந்துச்சு.

சட்டமே அதுக்கு வழி வச்சிருக்கு. பிரிவு 167ன்படி, ஒப்படைச்சவர் அல்லாத இன்னொருத்தர் அந்தப் பொருள் தன்னோடதுன்னு சொன்னா, திருப்பிக் கொடுக்கறத நிறுத்தி வைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போகலாம். அப்படி ஒரு அண்ணன் வந்து நின்னா, ஆணையம் உரிமைத் தகராறுக்குள்ள இறங்காது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னு அனுப்பிடும், அதுக்கப்புறம் எத்தனை வருஷம்னு யாரும் சொல்ல முடியாது. மகளுக்கும் பங்கு உண்டுங்கறது சரி, ஆனா பங்கு இருக்கறதும் அந்த மெஷின் முழுசா உங்களுதுங்கறதும் ஒண்ணில்ல. கல்யாணத்துல சீர் சாமானா எழுதிக் கொடுத்திருந்தா, அந்த லிஸ்ட்ல கிராமபோன் இருக்கான்னு இன்னைக்கே தேடிப் பாருங்க. இருந்தா தைரியமா நிக்கலாம். இல்லன்னா அண்ணன்கிட்ட முதல்ல பேசிடுங்க, ரெண்டு வரி எழுதி வாங்கிட்டா ரொம்ப நல்லது.

அஞ்சு லட்சத்துக்கே வருவோம். "நூறு வருஷப் பழமை"ன்னு எழுதியிருக்கீங்க. 102 மாடல் வந்ததே 1931லதான், 1950கள் வரைக்கும் நிறைய தயாரிச்சாங்க. தொல்பொருள்னு சட்டம் சொல்றதுக்கே, தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் பத்தின 1972 சட்டப்படி, நூறு வருஷம் ஆகியிருக்கணும். குறுக்கு விசாரணையில இந்த ஒரு பொய்யப் பிடிச்சா வாட்ஸ்அப் வீடியோவையும் சேத்து சந்தேகப்படுவாங்க. உங்களுக்கு விலைமதிப்பில்லாததுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா ஆணையம் பில்லையும் சந்தை விலையையும்தான் பாக்கும்.

இன்னொண்ணு, கோபத்துல மெஷின வாங்கிட்டு வந்து வேற மெக்கானிக்கிட்ட பிரிக்கக் கொடுத்துடாதீங்க. பிரிச்ச நிமிஷம் யார் என்ன செஞ்சாங்கங்கற ஆதாரம் போச்சு.

அதனால நேராவே சொல்றேன், பேசி முடிங்க. அவருக்கும் பிடி இருக்கு, பிரிவு 170ன்படி உழைப்புக்குக் கூலி வர்ற வரைக்கும் பொருள வச்சுக்கலாம், சட்டத்துல வைரம் பட்டை தீட்டக் கொடுத்தத வச்சே உதாரணம் சொல்லியிருக்கு. சொன்ன வேலைய விட்டுட்டு வேற செஞ்சா அந்த உரிமை கிடையாதுன்னு நாம வாதாடலாம், ஆனா ஸ்பிரிங் வேலைய அவர் செஞ்சிருக்கார், அத மறுக்க முடியாது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒருத்தர வச்சு உக்காருங்க. ஸ்பிரிங்குக்கு உண்டான கூலி தர்றேன், பழைய சவுண்ட்பாக்ஸயும் கழட்டின திருகு எல்லாத்தையும் கொடுங்க, வித்திருந்தா அதே மாடல் ஒரிஜினல் ஒண்ணு தேடிக் கொடுங்க இல்ல அதோட விலையக் கழிச்சுக்குங்கன்னு கேளுங்க. மெஷின வாங்கும்போது "எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு சீட்டு நீட்டுவாங்க, கையெழுத்துப் போடாதீங்க, "சவுண்ட்பாக்ஸ் மாற்றப்பட்டுள்ளது, டோன் ஆர்மில் விரிசல் உள்ளது, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்"னு உங்க கையாலயே எழுதி தேதி போட்டு, அத அங்கயே போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பணத்த ரொக்கமா கொடுக்காம ஜிபேல அனுப்புங்க.

அவர் இதுக்கும் ஒத்து வரலன்னா சீர் லிஸ்டையோ அண்ணன் எழுதிக் கொடுத்ததையோ கையில எடுத்துட்டு வாங்க, சவுண்ட்பாக்ஸ் ஒண்ண மட்டும் வச்சு நோட்டீஸ் அனுப்பலாம்.