ஞாயிறு போனால் மற்ற ஆறு நாளும்? மெதடிஸ்த சபை வாழ்வு பற்றிய கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மட்டக்களப்புப் பக்கத்து மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு குருவானவர் பார்க்கும் பல சபைகளின், பிரசங்க அட்டவணையில் என் பெயரும் வரும். குருவானவர் அல்ல, ஆகவே வேத சாத்திர நுணுக்கம் கேட்பவர்கள் உங்கள் குருவானவரைப் பிடியுங்கள். சபையின் கிழமை வாழ்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

சைவக் குடும்பத்தில் இருந்து மருமகளாக வந்த ஒருவர்: ரீச்சர், ஞாயிறு ஆராதனைக்குக் கணவரோடு போகிறேன். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்றே விளங்கவில்லை. திருவிருந்துக்கு எல்லாரும் முன்னால் போக, நான் மட்டும் வாங்கில் தனியே இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மகள், எழும்புவது இருப்பது பெரிய விசயமே இல்லை. பாட்டுக்கு எழும்புவோம், சுவிசேஷ வாசகத்துக்கு எழும்புவோம், மற்றதற்கெல்லாம் இருக்கலாம். முன் வாங்கில் இருக்கிற வயதான அம்மா ஒருவரைப் பார்த்துச் செய்யுங்கள், பிழைக்காது. சபையில் பிறந்த எங்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறோம்.

திருவிருந்து விசயத்துக்கு வருவோம். அப்பத்தையும் ரசத்தையும் யார் யார் பெறலாம் என்பதைக் குருவானவரிடம் கேளுங்கள். அதை நான் சொல்லக் கூடாது. ஆனால் முன்னால் போவதற்கு ஒரு தடையும் இல்லை. கணவரோடு போய் முழங்காலில் நில்லுங்கள். கையை நீட்டாமல் தலையைக் குனிந்தால், குருவானவர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். சிறு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்கிறார். சனிக்கிழமையே ஒரு சொல் சொல்லி வைத்தால் அவருக்கும் தடுமாற்றம் இருக்காது. எங்கள் கிண்ணத்தில் இருப்பது மது அல்ல, புளிக்காத திராட்சை ரசம். அதைப் பற்றி உங்கள் அம்மா கேட்டால் சொல்லுங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒருவர்: அன்ரி, எங்கள் வீட்டுக் கூட்டத்தில் புதிதாக ஒரு முறை தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கிழமை எப்படிப் போனது, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். இது கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனம் மாதிரி அல்லவா? மெதடிஸ்தருக்கு இது எதற்கு?

தம்பி, இது புதிய முறையே இல்லை. மெதடிஸ்த சபையில் இதைவிடப் பழையது அதிகம் கிடையாது.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கூட்ட மண்டபம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி போடலாம் என்று கப்டன் ஃபோய் (Foy) என்பவர் சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் மறித்தார். அதற்கு ஃபோய், ‘ஆக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். அவர்களால் முடிந்தால் தரட்டும், முடியாவிட்டால் நான் போடுகிறேன்’ என்ற பொருள்படச் சொன்னார். அப்படித்தான் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் உருவாகின.

காசு சேர்க்க வீடு வீடாகப் போன தலைவர்கள், போன இடத்தில் வேறு பலதையும் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் வருத்தக்காரர் பார்க்க ஆளில்லாமல் கிடந்தார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார்: தனக்கு வேண்டியிருந்த மேய்ப்பு வேலை இதுதான் என்று. பிறகு வீடு வீடாகப் போவதற்குப் பதிலாகக் கிழமைக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடத் தொடங்கினார்கள். ஒழுங்காக வருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. சீட்டுப் புதுப்பிக்கப்படாவிட்டால், ‘என்ன நடந்தது?’ என்று யாராவது கேட்பார்கள் என்று அர்த்தம்.

பாவசங்கீர்த்தனம் குருவிடம் தனியாகச் செய்வது. இதிலே குருவும் இல்லை, பாவமன்னிப்பு வழங்குவதும் இல்லை. சம நிலையில் இருக்கிற பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைப்பது, அவ்வளவுதான்.

நடத்துகிறவர்களுக்கும் சில விசயம் சொல்ல வேண்டும். முதலில் தலைவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1738-இல் சிறு குழுக்களுக்காக வெஸ்லி எழுதிய விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. அவர் சும்மா இருந்துகொண்டு மற்றவர்களை விசாரித்தால் அது பொலிஸ் விசாரணை. அடுத்தது, மனைவி, மாமி, மேலதிகாரி செய்த பிழைகளை அங்கே கொண்டுவரக் கூடாது. ‘நான்’ என்று தொடங்கும் வசனங்களே போதும். ‘இந்தக் கிழமை வேதத்தைத் திறக்கவே இல்லை, மூத்தவனோடு மூன்று நாள் கதைக்கவும் இல்லை’ என்று ஒருவர் சொல்லி முடித்தால், உடனே வசனம் எடுத்து அடிக்காமல் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். கடைசியாக, அங்கே கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது. இது உடைந்த அன்றே குழுவும் முடிந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக் கூட்டங்கள் பல இப்போது இரண்டாவது பிரசங்கமாகிவிட்டன. ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசுவார், மற்றவர்கள் கடலை வடையும் தேத்தண்ணீரும் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசங்கத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே! உங்கள் குழுவை விட்டுவிடாதீர்கள், தம்பி. சொல்ல மனமில்லாத நாளில் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

திருநெல்வேலியில் இருந்து ஒரு சகோதரர்: நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் ஊரில் மெதடிஸ்த் சபை என்று கேள்விப்பட்டதே இல்லை. ஏன்?

உங்கள் ஊர் ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை) மிசனரிமார் வேலை செய்த பகுதி. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் இருந்த வெஸ்லியன் மெதடிஸ்தர்கள் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதிலே சேர்ந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் திருச்சபைக்குள்ளேயே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கை மெதடிஸ்தர் சேரவில்லை. 1964-இல் இங்கிலாந்தில் இருந்து பிரிந்து தனித் திருச்சபையானோம்.

எங்களுடைய தொடக்கம் 1814. அந்த வருடம் இங்கிலாந்தில் இருந்து மெதடிஸ்த மிசனரிமார் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தை ஒழுங்குசெய்த தோமஸ் கோக் கடலிலேயே இறந்தார். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் கப்பலிலேயே இறந்துபோனார். ஓல்ட் இங்கே ஒரு வருடம்கூட இருக்கவில்லை. 1815-இல் அவரும் இறந்துபோனார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்.

இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்: அக்கா, காலையில் தியானம் செய்யச் சொல்கிறார்கள். நான் எழும்ப முதலே சின்னவன் எழும்பிவிடுகிறான். எனக்கு ஜெபம் என்று ஒன்றே இல்லை என்ற குற்ற உணர்வு.

அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள், தங்கச்சி. காலைத் தியானம் பற்றிப் பிரசங்கிக்கிற ஆண்களில் எத்தனை பேர் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு வந்து பிரசங்கிக்கிறார்கள்?

வெஸ்லியின் தாய் சூசன்னாவுக்குப் பிறந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் பத்துப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் கிட்டப் போக மாட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவரே கணவருக்கு எழுதிய ஒரு விபரம். கிழமையின் ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியே இருந்து கதைப்பாராம். ஜோனுக்கு வியாழன், சார்ல்ஸுக்குச் சனி, ஞாயிறு மட்டும் இரண்டு பேருக்கு. ஜோன் வளர்ந்து ஒக்ஸ்போர்டில் படிப்பிக்கும் காலத்திலும், அந்த வியாழன் மாலையை இப்போதும் எனக்காக ஒதுக்குவீர்களா என்று தாய்க்குக் கடிதம் எழுதினார்.

உங்களுக்கு இரண்டு பிள்ளைகள்தான். படுக்க வைக்கிற நேரம் பத்து நிமிடம், ஒரு நாள் மூத்தவளோடு, ஒரு நாள் சின்னவனோடு. ‘இன்றைக்கு எதற்கு அழுதாய்?’ என்று கேட்டு, அதையே இரண்டு வரியில் சத்தமாக ஜெபியுங்கள். பிள்ளைகள் வளருமட்டும் அதுவே உங்கள் தியானம் என்று வையுங்கள்.

நீரிழிவு உள்ள ஒருவர்: வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கலாமா?

மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வெஸ்லி இளமையில் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர். ஆனாலும் உடம்பைக் கெடுத்துக்கொண்டு செய்யச் சொன்னதில்லை. கைபேசியை வெள்ளி பின்னேரம் மட்டும் அணைத்து வைத்துப் பாருங்கள், அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெறும் வயதில் ஒருவர்: தங்கச்சி, நாற்பது வருடமாகச் சபைக்கு வருகிறேன், கணக்குப் புத்தகமும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் உள்ளே ஒன்றும் இல்லை. ஜெபிக்கும்போது சுவரோடு கதைக்கிற மாதிரி இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன், இதைச் சொன்னதற்கு நன்றி.

மே 24 வந்தால் நாங்கள் எல்லாரும் கொண்டாடுகிற கதை உங்களுக்குத் தெரியும். 1738-இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டம். யாரோ உரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்க, ஒன்பது மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கையில் வெஸ்லியின் இருதயம் அனல் கொண்டது. அந்தக் கூட்டத்துக்கு அவர் விருப்பமில்லாமல்தான் போனார் என்று அவரே எழுதியிருக்கிறார். இதைப் பலர் சொல்வதில்லை.

அதற்குப் பிறகும் அனல் அப்படியே இருக்கவில்லை. 1766-இல், இருபத்தெட்டு வருடம் கழித்து, தம்பி சார்ல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்றோ என்னவோ, சில வரிகளைச் சுருக்கெழுத்தில் வைக்கிறார். அந்த வரிகளில் இருப்பது: நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை. ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்துக்கொண்டிருந்த மனிதர் எழுதியது இது. அதற்குப் பிறகும் பிரசங்கிக்கப் போனார்; இன்னும் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் போனார்.

இதைக் காட்டி உங்களைத் தேற்றிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் எதை விடவில்லை என்று பாருங்கள்: வேதம், ஜெபம், திருவிருந்து, உபவாசம், கூடிவருதல். கிருபையின் வழிகள் என்று அவர் சொன்னவை இவைதான். உள்ளே உணர்வு வந்த பிறகு செய்யலாம் என்று இருந்தவர்களோடு அவர் சண்டையே பிடித்தார். நீங்கள் நாற்பது வருடமாகச் செய்வதை வேஷம் என்று எண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கணக்குப் புத்தகத்தை ஒரு வருடத்துக்கு வேறொருவரிடம் கொடுங்கள். சபையில் வேலை அதிகமானவர்கள் ஆராதனை நேரத்திலும் மனதுக்குள் காசு எண்ணிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அடுத்து, எனக்கு எழுதிய இந்த வரிகளை உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள். வெஸ்லிக்கும் ஒரு சார்ல்ஸ் தேவைப்பட்டார்.

வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண்: புது வருட உடன்படிக்கை ஆராதனையில் ‘உமக்கு விருப்பமானபடி என்னை வையும், துன்பத்திலும் வையும்’ என்ற பொருளில் எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். எனக்குப் பயம். சொன்னால் நடந்துவிடுமோ?

நேர்ந்த கடனைப் போலப் பார்க்கிறீர்கள். நம் ஊர்ப் பயம் அது, எனக்கும் விளங்கும். கடவுள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு துன்பம் தேடி அனுப்புகிறவர் அல்ல. துன்பம் எப்படியும் வரும். வரும்போது நான் யாருடையவள் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

என்னைக் குத்துவது அதிலே வேறு இடம். வேலையில் அமர்த்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று வருகிறதே, ஓய்வுபெற்ற வருடம் அந்த இடத்தில் என் வாய் அடைத்துப் போனது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கிறார் என்பதைச் சம்மதிக்கவே மனம் வரவில்லை.

வெஸ்லி 1755-இல் இந்த ஆராதனையை முதலில் நடத்தியபோது, அதற்கு முன் பல நாள் விளக்கம் சொல்லி ஆட்களை ஆயத்தப்படுத்தினார். நாங்களோ புது வருடப் பலகாரத்தோடு வந்து அப்படியே வாசித்துவிடுகிறோம். சனிக்கிழமை இரவே ஜெபத்தைத் தனியே வாசியுங்கள். சொல்ல முடியாத வரி வந்தால் அந்த இடத்தில் பேசாமல் நில்லுங்கள், யாரும் கவனிக்கப் போவதில்லை. அடுத்த வருடம் சொல்லலாம்.

கல்முனையில் இருந்து: தசமபாகம் கைக்கு வரும் சம்பளத்திலா, கழிவுக்கு முந்திய சம்பளத்திலா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குச் சிரிப்பு. வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொன்ன கணக்கைக் கேளுங்கள். ஒக்ஸ்போர்ட் மெதடிஸ்தர் ஒருவருக்கு வருடம் 30 பவுண் வருமானம். 28 பவுணில் வாழ்ந்து 2 பவுண் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. பத்தில் ஒன்று எங்கே நிற்கிறது பாருங்கள். எங்கள் அம்மாக்கள் அரிசி களையும்போது ஒரு பிடியைப் புறம்பாகப் போட்டுச் சேர்த்த பிடியரிசிக்கும் கழிவுக்கு முன், கழிவுக்குப் பின் என்று கணக்கு இருந்ததில்லை. இரண்டில் எதை வைத்துக் கொடுத்தாலும் சரி, மகன். பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைக்காமல் கொடுங்கள்.

பிரசங்கம் செய்யப் பழகும் இளம் பெண்: ரீச்சர், அட்டவணையில் முதல் தடவை என் பெயர். கிராமத்துச் சின்னச் சபை, இருபது பேர் வருவார்கள். கைகால் நடுங்குகிறது.

நடுங்கட்டும், பிள்ளை. குருவானவர் ஒருவர் பல சபைகளைப் பார்க்கும் சேகரத்தில், உங்களைப் போன்றவர்கள் போகாவிட்டால் அந்த இருபது பேருக்கு அன்றைக்குப் பிரசங்கமே இல்லை. எங்கள் திருச்சபை ஆரம்பத்தில் இருந்தே இப்படித்தான் ஓடுகிறது.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வேதபகுதி, அதிலே ஒரு விசயம். கிரேக்கச் சொல் விளக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், வாசலில் நின்று வருகிறவர்களோடு கதையுங்கள்: யாருக்குச் சுகமில்லை, யாருடைய வலையில் மீன் படவில்லை, யாருடைய பிள்ளை வெளிநாட்டுக்குப் போயிருக்கிறான். பரிந்துரை ஜெபத்தில் அவை பெயரோடு வரட்டும். பிரசங்கம் சொதப்பினாலும் அந்த ஜெபத்துக்காக உங்களை மறுபடி கேட்பார்கள். முதல் பாட்டைச் சபைக்குத் தெரிந்த கீர்த்தனையாக எடுங்கள், ஆர்மோனியம் வாசிக்க ஆள் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வையுங்கள். குடிக்கத் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். மேடையில் வைத்திருப்பது போன கிழமைத் தண்ணீராகவும் இருக்கலாம்.