வலிக்காத பல்லையும் காட்ட வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, நீரிழிவும் உண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் வெற்றிலை போடுவார். "பல் வலிக்கவில்லையே, பிறகு ஏன் டொக்டர்?" என்கிறார். என்ன சொல்லிக் கூட்டிப் போவது?
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள், தங்கச்சி. சொத்தை உள்ளே நரம்பை நெருங்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. ஈறு நோய் அதைவிட அமைதியானது. நீரிழிவு இருந்தால் அது வேகமாக முற்றும். ஈறு பழுதானால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

என் பெரிய கவலை வெற்றிலைதான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆரையம்பதியில் என் பெரியம்மா எப்போதும் இடது கன்னத்தில்தான் வெற்றிலையை அடக்கி வைப்பார். ஒரு நாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. அவருக்கு ஒரு நோவும் இல்லை. சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தோம், நல்ல வேளை, புற்றுநோய் இல்லை. அன்றோடு வெற்றிலைத் தட்டத்தை அவரே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவின் வாயிலும் வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நீரிழிவு கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.